கபிலன் கணக்குப் போட்ட கலைமதி டீச்சர்

விடைத்தாள் திருத்தும் முகாமுக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. பெரம்பலூரில் நாங்கள் திருத்திய பள்ளியின் வாசலில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். பெயர் எழுதிய உறையில் கைப்பேசியைப் போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டும். திங்கட்கிழமை பதினொரு மணித் தேநீருக்கு வெளியே வந்து உறையைப் பிரித்தபோது ஏழு தவறிய அழைப்புகள் இருந்தன. ஏழும் முருகேசனுடையவை. முருகேசன் கலைமதி டீச்சரின் கணவர். அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் வேலை பார்ப்பவர். அதிகம் பேசாதவர். எனக்கு அவர் ஏழு முறை போன் செய்திருக்கிறார் என்றதும் உடனே திருப்பி அழைத்தேன்.

"சார், கலை போயிட்டா சார்" என்றார்.

"எங்க போயிட்டாங்க?" என்று கேட்டேன். அந்தக் கேள்விக்காக இன்றுவரை கூசுகிறேன்.

காலையில் துணி காயப்போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். நெஞ்சை அடைக்குது என்றிருக்கிறார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. வயது நாற்பத்து மூன்று.

நான் இயற்பியல் அறையைச் சேர்ந்தவன். கணித விடைத்தாள் திருத்துபவர்கள் எதிர் அறையில் இருந்தார்கள். போய்ச் சொன்னேன். சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். டீச்சரின் மகள் யாழினி இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதியதால் அவருக்கு முகாம் பணி கொடுக்கப்படவில்லை. இல்லாவிட்டால் அந்த அறையில்தான் அவரும் இருந்திருப்பார். அவர் சத்தம் எங்கள் அறைவரை கேட்டிருக்கும்.

அவரைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இது தணிந்த குரலில் எழுதக்கூடிய அஞ்சலி அல்ல. தணிந்த குரல் அவரிடம் இருந்ததே இல்லை. அவரை நினைத்தாலே எனக்கு ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்கிறது. அரியலூர் பஸ்ஸில் அன்று ஏறி உட்கார்ந்தபோதுகூட, அழுகையை முந்திக்கொண்டு, அவர் சொன்ன ஏதோ ஒன்று நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பதின்மூன்று ஆண்டு ஆகப்போகிறது. குன்னம் பக்கத்தில், சுற்றிலும் மக்காச்சோளமும் பருத்தியுமாக இருக்கும் ஊரில் எங்கள் மேல்நிலைப் பள்ளி. பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்த முதுகலை ஆசிரியர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. கணிதப் பிரிவில் பதினொரு பேர்தான் படித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு பாதிப் பேர் கணக்கில் தேறவில்லை. பிரிவையே எடுத்துவிடலாமா என்று தலைமையாசிரியர் யோசித்துக்கொண்டிருந்தார். அந்த ஜூன் மாதம் பத்தாம் வகுப்புக்குப் பட்டதாரி ஆசிரியராக மாறுதலில் வந்து சேர்ந்தார் கலைமதி டீச்சர். கையில் ஒன்பது மாதக் கபிலன், முந்தானையைப் பிடித்தபடி நான்கு வயது யாழினி.

முதல் ஆசிரியர் கூட்டத்திலேயே எழுந்து, "பன்னெண்டாவதுக்கு ஆள் வர்ற வரைக்கும் நான் எடுக்கறேன் சார். எம்.எஸ்ஸி. முடிச்சிருக்கேன்" என்றார்.

நான்தான் எதிர்த்தேன். இதை மறைக்க விரும்பவில்லை. இயற்பியல் நடத்துபவனுக்குப் பிள்ளைகளிடம் நுண்கணிதம் இருந்தாக வேண்டும். "கைப்புள்ள வச்சிருக்கற ஒருத்தரால பன்னெண்டாவது கணக்கு முடியாதுங்க சார். பசங்க வாழ்க்கை இதுல இருக்கு" என்று தலைமையாசிரியரைப் பார்த்துச் சொன்னேன். டீச்சரைப் பார்த்துச் சொல்லும் நேர்மைகூட எனக்கு இல்லை.

அவர் என் பக்கம் திரும்பி, கொஞ்சமும் கோபமில்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புவதைப் போலக் கேட்டார்:

"ஏன் சார், புள்ள பொறந்தா கணக்கு மறந்துடுமா?"

அறையே சிரித்தது. வகுப்பு அவருக்குக் கிடைத்தது.

ஆனால் உண்மையில் கணக்கு மறந்துதான் போயிருந்தது. இதை முருகேசன் பின்னால் எனக்குச் சொன்னார். எம்.எஸ்ஸி. முடித்து ஒன்பது ஆண்டுகள். அதற்குள் கல்யாணம், இரண்டு பிரசவம், ஒன்பது பத்தாம் வகுப்புப் பாடம். கலப்பெண்களும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் பெயரளவில்தான் நினைவிருந்தன. பாடநூலை வைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். பள்ளிக்கு எதிரிலேயே வாடகை வீடு. நோட்டுப் புத்தகத்தைக் கபிலன் கிழித்துவிடுகிறான் என்று, கூடத்துச் சிவப்புச் சிமெண்ட் தரையில் சாக்பீஸால் போட்டுப் பார்ப்பார். ஒரு பக்கம் உலையில் அரிசி, ஒரு பக்கம் யாழினிக்குச் சோறு ஊட்டல், நடுவில் முட்டி போட்டுத் தொகையிடல்.

அங்கேதான் 'கபிலன் கணக்கு' பிறந்தது. ஒரு மாலை, இரண்டு நாளாகப் படியாத ஒரு கணக்கைத் தரையில் முழுசாகப் போட்டு முடித்துவிட்டு, பொங்கிய உலையை இறக்க ஓடியிருக்கிறார். திரும்பி வந்தால் கபிலன் கணக்கின் குறுக்கே தவழ்ந்து போய்விட்டான். மேலே நான்கு வரி இருக்கிறது, கீழே மூன்று வரி இருக்கிறது, நடுவில் இருந்தது மொத்தமும் பையனின் முட்டியில். வேறொருவராக இருந்தால் பிள்ளையின் முதுகில் ஒன்று வைத்திருப்பார்கள். டீச்சர் மிச்சத்தை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு, மறுநாள் வகுப்புக்குப் போய்க் கரும்பலகையில் எழுதினார். நடுவில் வெற்றிடம் விட்டார்.

"நேத்து எங்க வூட்ல கபிலன் தவழ்ந்துட்டான். ரெண்டு வரியைக் காணோம். கண்டுபிடிங்க பாப்போம்!"

அதுவரை அந்தப் பதினொரு பேரும் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொள்ளும் பிள்ளைகள். விடை வராவிட்டால் தலையைக் குனிந்துகொள்ளும் பிள்ளைகள். இங்கே மேலே என்ன இருக்கிறது என்று தெரிகிறது, கீழே எங்கே போய்ச் சேர வேண்டும் என்றும் தெரிகிறது. நடுவில் உள்ளதைப் பிடித்தால் போதும். பின்வரிசைப் பையன் ஒருவன் மேசை மேலேயே ஏறிவிட்டான். "டீச்சர், நான் கண்டுபுடிச்சிட்டேன், அவன்கிட்ட கேக்காதீங்க!" என்ற சத்தம் கேட்டு, பக்கத்து வகுப்பில் இருந்த நான், அடிதடி என்று நினைத்து ஓடினேன். கணக்குக்காக நடந்த சண்டை அது. என் இருபதாண்டுப் பணியில் நான் பார்த்திராத காட்சி.

அதன் பிறகு பிள்ளைகள் வகுப்புக்குள் அவர் நுழைந்ததுமே, "இன்னைக்கு எங்க தவழ்ந்தான் டீச்சர்?" என்று கேட்பார்கள். கபிலன் நடக்க ஆரம்பித்து, ஓட ஆரம்பித்து, தரையில் தவழ்வதையே மறந்த பின்னும் கபிலன் கணக்கு மட்டும் நிற்கவில்லை.

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவருக்குத் தயக்கமே கிடையாது. "இந்தக் கணக்கு எனக்கே இன்னும் வரல. நாளைக்குப் பாப்போம்" என்று பிள்ளைகளிடம் நேராகச் சொல்லிவிடுவார். நான் பதறி, "அப்படிச் சொன்னா மரியாதை போயிடுமே டீச்சர்" என்றேன். "வராத கணக்க வந்த மாதிரி காட்டினாத்தான் சார் போகும்" என்றார்.

அப்படி வராமல் இருந்த ஒரு கணக்கு ஒரு நாள் காலையில், பல் துலக்கிக்கொண்டிருந்தபோது வந்துவிட்டிருக்கிறது. வழிபாட்டு மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும். ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து, ஈரத் தலையோடு, கபிலனை இடுப்பில் வைத்துக்கொண்டு, "வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று கத்தியபடி ஓடிவந்தார். ஆய்வுக்கு முதன்மைக் கல்வி அலுவலர்தான் வந்துவிட்டார் என்று எங்கள் தலைமையாசிரியர் முடிவு செய்துவிட்டார். சட்டைப் பொத்தானைப் போட்டார். பியூனைக் குப்பை பொறுக்க அனுப்பினார். அறுநூறு பிள்ளைகளும் வரிசையில் விறைப்பாக நின்றார்கள். டீச்சர் வரிசைக்குள் புகுந்து பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, மண்ணில் குச்சியால் அந்தக் கணக்கைப் போட ஆரம்பித்தார்.

"யாரும்மா வந்துட்டாங்க?" என்று தலைமையாசிரியர் கேட்டார்.

"கணக்கு சார்!" என்றார் டீச்சர்.

அவர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தோம். அவர் பொத்தானைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் குனிந்து மண்ணைப் பார்த்தார். "வரட்டும், வரட்டும்" என்றார்.

நீள்வட்டம் நடத்திய நாளை ஊரே பார்த்தது. வீட்டில் துணி காயப்போடும் கொடிக்கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொண்டு, பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போனார். கயிற்றின் ஒரு முனையைப் பவித்ரா என்ற மாணவியிடம் கொடுத்தார். மறு முனையை யாழினியிடம். அன்று அங்கன்வாடி விடுமுறை. குழந்தை அம்மாவுடன் வந்திருந்தது. "நீங்க ரெண்டு பேரும்தான் குவியம். அசையக் கூடாது" என்று கொஞ்ச தூரம் தள்ளித் தள்ளி நிறுத்தினார். ஒரு பையன் கயிற்றை நடுவில் விறைப்பாக இழுத்துப் பிடித்து, தளரவிடாமல், காலால் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டே நடக்க வேண்டும். நடந்தான். முட்டை வடிவில் கோடு விழத் தொடங்கியது. "பாத்தீங்களா, இங்கிருந்து ஒரு தூரம், அங்கிருந்து ஒரு தூரம். ரெண்டையும் கூட்டினா எப்பவும் கயித்தோட நீளந்தான்!" என்று டீச்சர் அவனோடு கூடவே ஓடிக்கொண்டிருந்தார்.

பாதி நீள்வட்டம் முடிவதற்குள் யாழினிக்குத் தனியாக நிற்கப் பிடிக்கவில்லை. கயிற்று முனையைப் பிடித்தபடியே ஓடிப்போய்ப் பவித்ராவின் காலைக் கட்டிக்கொண்டாள். கயிறு தொய்ந்தது. பையன் நின்றுவிட்டான். "போச்சு டீச்சர், பாப்பா கெடுத்துடுச்சு" என்றான்.

டீச்சர் ஒரு கணம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பிறகு கத்தினார்: "டேய், ரெண்டு குவியமும் ஒண்ணாயிடுச்சுடா! கயித்த இழு! இப்ப நட, நட!"

அவன் கயிற்றை மறுபடி விறைத்துக்கொண்டு நடந்தான். மண்ணில் விழுந்தது வட்டம். குவியங்கள் ஒன்று சேர்ந்தால் நீள்வட்டம் வட்டமாகிவிடும் என்பது புத்தகத்தில் ஒரு வரி. அந்த வரியை ஒரு நான்கு வயதுக் குழந்தை ஓடிக் காட்டிவிட்டது. "வட்டம்! வட்டம்!" என்று பதினொரு பேரும் குதித்தார்கள். யாழினிக்கு எதற்கு என்று புரியவில்லை, அவளும் குதித்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் சோளக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்து, "என்னடி இது, கபடியா?" என்று கேட்டார்கள்.

இப்படியே சொல்லிக்கொண்டு போனால் அவருக்கு எல்லாம் எளிதாக இருந்தது என்று தோன்றும். இல்லை. எதிர் வீட்டில் தையல் மிஷின் வைத்திருந்த மும்தாஜ் அக்காதான் பகலில் கபிலனைப் பார்த்துக்கொண்டார். பத்து நிமிட இடைவேளையில் டீச்சர் ரோட்டைத் தாண்டி ஓடி, பால் கொடுத்துவிட்டு, மணி அடிப்பதற்குள் ஓடி வருவார். சில நாள் ஓய்வறை மேசை மேல், திருத்தாத தேர்வுத் தாள்களில் கன்னத்தை வைத்துத் தூங்கிப்போயிருப்பார். ஒருமுறை என்னிடம் சொன்னார்: "இங்க இருந்தா புள்ள ஞாபகம். வூட்ல இருந்தா கணக்கு ஞாபகம். எங்கயுமே நான் முழுசா இல்லையோன்னு தோணும் சார். ஆனா ஒரு கணக்கு வந்துடுது பாருங்க, அப்ப ஒரு பத்து நிமிசம் முழுசா இருக்கேன்."

நவம்பரில் கபிலனுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. மும்தாஜ் அக்கா பிள்ளையை வாரிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் வகுப்பு வாசலுக்கு ஓடிவந்தார். "டீச்சரம்மா, யா அல்லா, புள்ளையப் பாருங்க!" பெரம்பலூர் அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். டீச்சர் ஐந்து நாள் வரவில்லை. திருப்புதல் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். பவித்ராவின் அப்பா ராசேந்திரன் சின்ன வெங்காயம் போடுகிற விவசாயி. டீக்கடையில் என்னைப் பார்த்து, "பொண்ணு எப்படி சார் படிக்குது?" என்று கேட்டார். "பொண்ணு நல்லாத்தான் படிக்குது. டீச்சருக்குத்தான் வூட்டுக் கவலையே சரியா இருக்கு. டவுன் பள்ளிக்கூடத்துல இடம் கிடைச்சா பாருங்க" என்றேன். மறுநாளே அவர் தலைமையாசிரியர் அறையில் மாற்றுச் சான்றிதழ் கேட்டு நின்றார். நன்றாகப் படிக்கும் பெண் போனால் இன்னும் நாலு பேர் போவார்கள். பிரிவு மூடப்படும். பவித்ரா வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "திங்கக்கிழமை வாங்க, பாப்போம்" என்று தலைமையாசிரியர் நாள் கடத்தினார்.

வெள்ளிக்கிழமை மாலை இரண்டு மாணவிகள் என்னிடம் வந்து நின்றார்கள். "சார், நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம். டீச்சர் உங்ககிட்ட லேப் தெர்மாமீட்டர் வாங்கிட்டு வரச் சொன்னாங்க." காய்ச்சல் குழந்தைக்கு ஆய்வகத் தெர்மாமீட்டர் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. கொடுக்க மனமில்லாமல், சனிக்கிழமை நானே எடுத்துக்கொண்டு போனேன். என்ன நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது.

மருத்துவமனை வளாகத்து வேப்பமரத்தடியில் பதினொரு பேரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் டீச்சர். தோளில் கபிலன், புறங்கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி. வலிப்பு மறுபடி வரவில்லை, நாளை வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதாக ஒரு பிள்ளை என்னிடம் சொல்லிற்று. டீச்சருக்கு முன்னால் ஓர் எவர்சில்வர் டம்ளரில் ஆவி பறக்கும் வெந்நீர்.

"நல்லவேள வந்தீங்க சார்!" என்றார் என்னைப் பார்த்ததும். "கபிலனுக்குக் காய்ச்சி ஆறின தண்ணிதான் குடுக்கணுமாம். ஆறற வரைக்கும் அழுவுறான். எப்ப ஆறும்னு கணக்குப் போட்டுச் சொல்லிடலாம்ல? தண்ணி ஆறறது உங்க பாடமா, எங்க பாடமா?"

"ரெண்டும்தான்" என்றேன்.

தெர்மாமீட்டரை நான்தான் பிடித்தேன். எண்பது டிகிரி. மரத்தடிக் காற்று முப்பத்திரண்டு. பத்து நிமிடம் காத்திருந்தோம். அறுபத்தெட்டு. "எவ்வளவு சூடு அதிகமா இருக்கோ, அதுக்குத் தக்கன வேகமா ஆறும். இப்ப வகைக்கெழுச் சமன்பாடு எழுதுங்க. அடுத்த பத்து நிமிசத்துல எவ்வளவு இருக்கும்?" என்றார் டீச்சர். மடியில் நோட்டை வைத்துக்கொண்டு பிள்ளைகள் பரபரவென்று எழுதினார்கள். காற்றைவிட நாற்பத்தெட்டு டிகிரி அதிகமாக இருந்தது முப்பத்தாறாகிவிட்டது, முப்பத்தாறு என்னவாகும் என்று ஒருவன் முணுமுணுத்தான். பவித்ரா முதலில் நிமிர்ந்தாள். "அம்பத்தொம்பது டீச்சர்."

"சொல்லிட்டல்ல? இப்ப தண்ணி என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

கடைசி இரண்டு நிமிடம் அத்தனை பேரும் தெர்மாமீட்டரை நோக்கிக் குனிந்தார்கள். பாதரசம் அறுபத்திரண்டில் இருந்தது. அறுபத்தொன்று. அறுபது. டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்து "இப்ப!" என்றார்.

"அம்பத்தொம்பது!" என்று நான் கத்தினேன். நாற்பத்தைந்து வயது மனிதன், மருத்துவமனை வளாகத்தில். பிள்ளைகள் போட்ட கூச்சலில் நர்ஸ் ஒருவர் வராந்தாவிலிருந்து இறங்கிவந்து, "இது ஆஸ்பத்திரியா சந்தையா? நோயாளிங்க படுத்திருக்காங்கல்ல?" என்று திட்டினார். டீச்சர் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கபிலனும் சிரித்தான்.

சிரிப்பு அடங்கிய பின் திரும்பினால், பைக்கில் சாய்ந்தபடி ராசேந்திரன் நிற்கிறார். மகளைக் கொண்டுவந்து விட்டவர், போகாமல் அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"நானும் நாலு வருசமா வெங்காயத்துக்கு மருந்து கலக்கறேன், தண்ணி காய வைக்கறேன். அது ஆறறதுக்குள்ள இம்புட்டு இருக்கா!" என்றார். பிறகு என் பக்கம் பார்க்காமலே, "டி.சி. வாணாங்க சார். பெரிய சார்கிட்ட சொல்லிடுங்க" என்றார்.

எல்லோரும் பஸ் ஏறப் போன பின் நான் டீச்சரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். ராசேந்திரனைக் கிளப்பிவிட்டது நான்தான் என்று.

"தெரியும் சார். பவித்ரா சொன்னா" என்றார். "உங்களுக்குப் பயம் இருந்தது தப்பில்ல. எனக்கும் இருந்துச்சு. எங்கிட்ட கேக்காம அவருகிட்ட சொன்னீங்க பாருங்க, அதுதான் வலிச்சுது." கபிலனை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "சரி, இப்ப ஒரு உதவி செய்ங்க. ஒரு மாசத்துக்கு இவனைக் கண் பார்வையிலேயே வச்சிக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. நாலாவது பீரியடு எனக்கு பன்னெண்டாவது. உங்களுக்கு ஓய்வு. தூக்கி வச்சிக்கிறீங்களா?" என்றார்.

அப்படித்தான் ஒரு மாதம் முழுக்க நான்காவது பாடவேளைகளில் நான் கபிலனைத் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடந்தேன். என் இரண்டு பிள்ளைகளை நான் அப்படித் தூக்கியதில்லை. என் மனைவி கேள்விப்பட்டு, "நம்ம புள்ளைங்கள ஒரு நாள் தூக்கியிருப்பீங்களா?" என்று கேட்டாள். வராந்தாவில் நடக்கும்போது பன்னிரண்டாம் வகுப்பு ஜன்னல் வழியாகக் கேட்கும் குரல், எனக்கும் மறந்துபோயிருந்த கணக்குகளைத் திரும்பச் சொல்லிக் கொடுத்தது.

மார்ச்சில் கணிதத் தேர்வு. டீச்சர் கபிலனை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளி வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றார். மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடிவந்த ஓட்டம் இருக்கிறதே! "நீள்வட்டம் வந்துச்சு டீச்சர்!" "தண்ணி ஆறற கணக்கு, டீச்சர், அப்படியே வந்துச்சு, தண்ணிக்குப் பதிலா காப்பி!" யார் என்ன சொல்கிறார்கள் என்றே தெரியவில்லை. டீச்சர் வினாத்தாளைப் பிடுங்கி ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மே மாதம் முடிவு வந்தது. பதினொரு பேரும் தேறினார்கள். ராசேந்திரன் ஒரு மூட்டைச் சின்ன வெங்காயத்தை பைக்கில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். "எம் பொண்ணுக்குக் கணக்கு வந்துடுச்சு டீச்சர். எனக்கு வேற என்ன கொண்டாரதுன்னு தெரியல" என்றார். அவர் மகள் இன்று நில அளவர். அடுத்த ஆண்டு கணிதப் பிரிவில் சேர முப்பத்து நான்கு பேர் வந்தார்கள். அதை மூடுவது பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை.

சில ஆண்டுகளில் அவருக்குப் பதவி உயர்வு கிடைத்து அரியலூர்ப் பக்கம் போனார். முருகேசனுக்கும் ஆலை பக்கமாயிற்று. ஆனாலும் மாதத்தில் இரண்டு மூன்று முறை போன் வரும். "சார், ஒரே நிமிசம், பேப்பர் இருக்கா?" என்று ஆரம்பித்தால் அரைமணி நேரம் ஆகும். கடைசியாக வந்தது சென்ற மாதம், யாழினி கணிதத் தேர்வு எழுதிய அன்று மத்தியானம்.

"சார், யாழினி ஒரு கணக்க நான் சொல்லிக் குடுக்காத வழியில போட்டுட்டு வந்திருக்கா! என் வழிக்கு ஒரு பக்கம் வேணும். அவளுது ஆறே வரி! சரியா இருக்கு சார், ரெண்டு தடவ பாத்துட்டேன்!"

"உங்க பொண்ணுல்ல" என்றேன்.

"இல்ல சார், இது எங்கிட்டேருந்து வரல. அதான் சந்தோசமே!" என்றார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

முருகேசன் போன் செய்த அந்தத் திங்கட்கிழமை மாலை நான் அவர்கள் வீட்டை அடைந்தபோது தெருவே நிரம்பியிருந்தது. அந்தப் பதினொரு பேரில் ஒன்பது பேர் வந்திருந்தார்கள். ஒருவன் திருப்பூரிலிருந்து பைக்கிலேயே வந்திருந்தான். பின்னால் வந்த ஆண்டுகளின் பிள்ளைகளும் இருந்தார்கள். மும்தாஜ் அக்கா டீச்சரின் காலடியில் உட்கார்ந்து முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவரும் அவரவர் கதையைச் சொல்ல ஆரம்பித்து, யாரோ சிரித்துவிட்டார்கள். சாவு வீட்டில் சிரிக்கிறோமே என்று எல்லோரும் முருகேசனைப் பார்த்தோம். "சொல்லுங்க, சொல்லுங்க. எனக்கு அந்தக் கதை தெரியாது" என்றார் அவர்.

எடுக்கும் நேரம் வந்தது. கொள்ளிச்சட்டியைக் கபிலன் கையில் கொடுத்தார்கள். பதின்மூன்று வயதுப் பையன், அவன் கையில் சட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. யாழினி வந்து சட்டிக் கயிற்றின் மறு பக்கத்தைப் பிடித்தாள்.

"பொம்பளப் புள்ள அங்கெல்லாம் வரக் கூடாது தாயி. நீ உள்ள போ" என்றார் உறவுக்காரப் பெரியவர் ஒருவர்.

யாழினி கயிற்றை விடவில்லை. அப்பாவைப் பார்த்தாள். முருகேசன் எழுந்து வந்தார்.

"ரெண்டு பேரும் அவ புள்ளைங்கதான் மாமா. ரெண்டு பேரும் வரட்டும்" என்றார்.

பெரியவர் ஒதுங்கிக்கொண்டார். யாழினி தெருவில் இறங்கியதும் பவித்ரா அவள் பின்னால் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் அங்கே நின்ற அத்தனை பெண் பிள்ளைகளும். சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று ஓரமாக ஒதுங்கி நின்று வழி விட்டது. டிரைவர் இறங்கித் தலைத்துண்டை எடுத்தார். முன்னால் அக்காவும் தம்பியும் ஒரே சட்டியை ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். சட்டி இப்போது சாயவில்லை.

சுடுகாட்டு வாசலில் நான் கை கூப்பினேன். "போயிட்டு வாங்க டீச்சர்" என்றேன். பேச்சு அதற்கு மேல் வரவில்லை. இதை எழுதும்போது வருகிறது. உங்களைப் போல ஒரு கணக்கைப் பார்த்துச் சந்தோசப்பட்டவரை நான் வேறெங்கும் கண்டதில்லை. அந்தச் சந்தோசத்துக்குப் பக்கத்தில் கொஞ்ச காலம் நிற்க எனக்கும் இடம் கொடுத்தீர்கள். வணக்கம் டீச்சர்.